எங்க மலை கட்டுன வேஷம்

"அப்படியே ஊட்டி மாதிரி இருக்குங்க!"

இந்த ஒரு வரி கேட்டு வந்த கடுப்புலதான் இவ்ளோ பெரிய பதிவு. பிளேன்டீ ஒன்னு ஊத்திக்கிட்டு ஒக்காருங்க. கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் வேலை பாக்குறது கந்தப்பளை டவுன்ல ஒரு மரக்கறி ஸ்டோர்ல. லீக்ஸ், கரட், கோவா மூட்டையெல்லாம் நிறுத்து லொறியில ஏத்துறப்போ கணக்கு எழுதுறவன் நான்தான். போன மாசம் ஸ்டோர் வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. சென்னைக்காரங்க. எங்க பக்கத்துல ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலை ஃபெக்டரிய ஹோட்டலா மாத்தி வச்சிருக்காங்க இல்லியா, அதுல தங்கிட்டு கீழ இறங்குற பார்ட்டி.

அந்த மனுசன் நல்லவரு. மொதல்லயே சொல்லிடறேன். மூட்டையிலருந்து ஒரு கரட்ட உருவி, குழாயில கழுவி, கடிச்சிட்டு, "ஊட்டி கேரட் மாதிரியே இருக்கு"ன்னாரு. சரி. மலையப் பாத்து, "ஊட்டி மாதிரியே இருக்கு"ன்னாரு. சரி. பனி இறங்குச்சு. அதுவும் ஊட்டி மாதிரியாம்.

அப்பறம் என்னையப் பாத்து கேட்டாரு பாருங்க:

"நீங்க சிலோன் தமிழ் பேச மாட்டீங்களா சார்? தெனாலில கமல் பேசுவாரே?"

(தெனாலி வந்தது 2000ல. இன்னைக்கு வரைக்கும் எங்களை விட மாட்டேங்குது. இந்தியாவுலருந்து வர்ற பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு இலங்கைத் தமிழன்னா தெனாலிதான். அது யாழ்ப்பாணத்துப் பேச்சை வச்சுப் பண்ணுனது, எங்க பேச்சு வேறங்கன்னு சொன்னா, "ஓ, அப்ப நீங்க எங்க ஊரா?"ன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு பதில் சொல்ல 200 வருசத்து வரலாறு வேணும். லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சுக்கிட்டு நிக்கிறான்.)

கடைசியா ஒன்னு கேட்டாரு. "இவ்ளோ அழகா இருக்கே, இங்க ஏதாவது படம் எடுத்திருக்காங்களா?"

"நெறைய எடுத்திருக்காங்களே!"ன்னுட்டேன், ரோசமா.

"அப்படியா? என்னென்ன படம்?"

வாயத் தொறந்தேன். ஒரு பேரும் வரல. அவரு ஃபோனை வேற தூக்கிப் புடிச்சு வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாரு. நான் "அது வந்து..."ன்னு இழுத்து முடிக்கிறதுக்குள்ள வேன்காரன் கூப்புட்டுட்டான். தன்னோட சேனல் பேரைச் சொல்லி, பாருங்கன்னுட்டுப் போயிட்டாரு. பதட்டத்துல மிச்சக் காசு நூறு ரூவா கூடக் குடுத்திருக்கேன். சாயங்காலம் கணக்கு இடிக்கிறப்போதான் தெரிஞ்சுச்சு.

அந்த நூறு ரூவாய வசூல் பண்றதுக்காக, அன்னைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்க சொல்றேன்.

---

மொதல்ல ஒரு உண்மைய ஒத்துக்கிறேன். ஊட்டிய எங்க ஊருன்னு நெனைச்ச மொத ஆளு அந்தச் சென்னைக்காரர் இல்ல. நானேதான்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். 86, 87 சமயம். எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) அப்ப கரண்டு கெடையாது. தீவாளி வந்தா இளவட்டங்க வீட்டுக்கு வீடு காசு தண்டி, டவுன்லருந்து டீவி, டெக், ஜெனரேட்டர் மூணையும் வாடகைக்குத் தூக்கிட்டு வருவாங்க. வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக் களத்துல படங்கு கட்டி, ராத்திரி முழுக்க படம். மொதல் படம் எம்ஜிஆர் படமாத்தான் இருக்கணும், அது எழுதாத சட்டம். (அவரு பொறந்தது நம்ம நாவலப்பிட்டியில இல்லன்னு எங்க பெரியப்பாகிட்ட யாராவது சொல்லிப் பாருங்க. அடுத்த நாள் அவரு கையால தேத்தண்ணி கெடைக்காது.)

விடியக்கால மூணு மணிக்கு மூன்றாம் பிறை போட்டாங்க. பாதிப் பேரு கம்பளிய மூடித் தூங்கியாச்சு. நான் முழிச்சிருந்தேன்.

கடைசி சீன். மழை, சேறு, ஒரு சின்ன ஸ்டேசன். கமல் பானையத் தலையில வச்சுக்கிட்டு கொரங்கு மாதிரி ஆடுறாரு. ஸ்ரீதேவிக்கு அவரை அடையாளமே தெரியல. கோச்சி கெளம்புது.

நான் அழுதேன். கமலுக்காக இல்ல. அந்த ஸ்டேசனு நானுஓயாவுன்னு நெனைச்சுட்டேன்! நம்ம நானுஓயாவுல இவ்ளோ பெரிய அநியாயம் நடந்திருக்கு, நமக்கு யாருமே சொல்லலியேன்னு அழுகை.

பெரியப்பா வேற பக்கத்துலருந்து, "இந்த ஸ்டேசன் மாஸ்டரை எனக்குத் தெரியும்டா"ன்னாரு. அவரு போட்ட தண்ணி அப்படி.

அது நீலகிரியில இருக்குற கேத்தி ஸ்டேசன்னு எனக்குத் தெரிய வந்தப்போ மீசை மொளைச்சிருச்சு.

ஆனா அன்னைக்கு ராத்திரி இன்னொரு சங்கதி நடந்துச்சு. எனக்கு அது பின்னாடிதான் வெளங்குச்சு. எங்கம்மாவும் முழிச்சிருந்தாங்க. அவங்க கமலையும் பாக்கல, ஸ்ரீதேவியையும் பாக்கல. டீவிக்கு ரொம்பக் கிட்டக்கப் போயி ஒக்காந்துக்கிட்டாங்க. கூட்டம் வர்ற சீன், தேயிலை மலை வர்ற சீன் வந்தா மொகத்தை இன்னும் கிட்டக்கக் கொண்டு போவாங்க. "மறைக்குதும்மா!"ன்னு பின்னாலருந்து சத்தம்.

அவங்க தேடுனது எங்க பெரியம்மாவ.

அம்மாவோட அக்கா, 73ல இந்தியா போனவங்க. 1964ல எங்காளுங்கள யாரு எடுத்துக்கிறதுன்னு ரெண்டு நாட்டுப் பிரதமருங்க, சிறிமாவும் சாஸ்திரியும், ஒப்பந்தம் போட்டாங்க இல்லியா. ஒம்பதே முக்கால் லச்சம் பேரு. அதுல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேர இலங்கை வச்சுக்கும், மிச்ச ஒன்னரை லச்சத்தப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். (பேசுனாங்க, 74ல. ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. நான் கோவா மூட்டைய அப்படித்தான் பிரிப்பேன்.) அப்படிப் போனவங்கள்ல நெறையப் பேரு போய் எறங்குனது நீலகிரி. கோத்தகிரி, குன்னூர், கூடலூர். அவங்களுக்கு வேலை குடுக்குறதுக்குன்னே அங்க அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டுச்சு.

இங்கருந்து தலைமன்னாருக்கு அவங்க போன ரயிலுக்கு எங்காளுங்க வச்ச பேரு ஒப்பாரிக் கோச்சி. அதுக்கு மேல வெளக்கம் வேணாமே.

பெரியம்மா கோத்தகிரியிலருந்து ரெண்டு காயிதம் போட்டாங்க. அப்பறம் நின்னு போச்சு. ஊட்டிப் பக்கம் எடுத்த படம்னு யாரோ சொல்லவும், அக்கா எங்கயாவது கொழுந்து பறிச்சுக்கிட்டு நிக்கிறது ஒரு ஓரத்துலயாவது தெரியுமான்னு எங்கம்மா பாத்திருக்காங்க.

தெரியல.

அதனால சென்னைக்காரரே, "ஊட்டி மாதிரி இருக்கு"ன்னு நீங்க சொன்னதுல தப்பில்ல. இருக்கும். அங்க இருக்குறதும் பாதி எங்காளுங்கதான்.

---

சரி, இங்கயே எடுத்த படங்களுக்கு வருவோம்.

மொதல்ல பெரிய தலை. 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்'. 1957. டேவிட் லீன். ஏழு ஒஸ்கார் வாங்குன படம்.

நீங்க அட்டன், கினிகத்தேனை வழியா கொழும்புக்கு பஸ்ல போயிருந்தா, கித்துல்கலயத் தாண்டித்தான் போயிருப்பீங்க. அங்க களனி கங்கை மேலதான் அந்தப் பாலத்தைக் கட்டுனாங்க. மரத்துல நெசமாவே கட்டி, நெச ரயிலை மேல ஓட விட்டு, நெசமாவே வெடி வச்சுத் தகர்த்தாங்க. இன்னைக்கு மாதிரி கம்ப்யூட்டர்ல பண்ற வேலை இல்ல. மொத நாள் வெடிக்கிறதா இருந்தப்போ ஒரு கேமராக்காரருகிட்டருந்து 'ரெடி'ன்னு சிக்னல் வரல. டைரக்டர் வெடிய நிப்பாட்டிட்டாரு. ரயில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் மோதிருச்சு. மறுபடி அதைத் தூக்கி நிமித்தி, கொண்டு வந்து, அப்பறந்தான் வெடிச்சாங்க. வேடிக்கை பாக்க வந்தவங்கள்ல அப்பத்தைய பிரதமர் பண்டாரநாயக்காவும் ஒருத்தர்.

இதைப் படிச்சிட்டு எனக்குத் தலை கால் புரியல. ஒரு ஞாயித்துக்கெழமை மருமகனக் கூட்டிக்கிட்டு (தங்கச்சி மகன், கெம்பஸ் போறான், ஃபோன்லயே வாழுறவன்) கித்துல்கலைக்குப் பஸ் ஏறிட்டேன்.

போறவங்களுக்கு ஒரு அனுபவஸ்தனோட அட்வைஸ்: செருப்புப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க.

ரோட்டுலருந்து ஆத்துக்கு எறங்குற பாதை வழுக்கு வழுக்குன்னு வழுக்குது. நான் எறங்குனேன்னு சொல்றத விட வந்து சேந்தேன்னு சொல்லலாம். கால்ல நாலு அட்டை. (தேயிலை மலையிலயே பொறந்து வளந்தவனுக்கு அட்டை ஒன்னும் புதுசில்ல. ஆனா கித்துல்கல அட்டைக்குப் பசி அதிகம்.) கீழ போனா பாலம் இல்ல. எப்படி இருக்கும், அதான் வெடிச்சுட்டாங்களே! தண்ணிக்கு மேல தெரியுற கொங்கிரீட் அடித்தளம் மட்டும் பாசி புடிச்சு ஒக்காந்திருக்கு.

"இதுக்கா மாமா வந்தோம்?"ன்னான் மருமகன்.

நான் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியிலருந்து ஒரு ஸ்கூல் பையன் சுற்றுலா வந்தப்போ இந்தப் படத்தோட ஷூட்டிங்கப் பாத்திருக்கான். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருத்தர் 'மழை'ன்னு கத்துறாரு. ஒடனே மழை பெய்யுது! கடவுள் மாதிரி இருந்துச்சாம் அவனுக்கு. நானும் ஒருநாள் மழைன்னு சொல்லி மழையப் பெய்ய வைக்கணும்னு நெனைச்சுக்கிட்டான். அந்தப் பையன் பேரு பாலு மகேந்திரா. இதை அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்காரு.

"மூன்றாம் பிறை எடுத்தவரா?"

"அவரேதான்டா."

கேத்தி ஸ்டேசன்ல கமல் மேல பெஞ்ச மழை எந்த ஊரு மழைன்னு இப்ப வெளங்குதா? பத்து வயசுல நான் அதை நானுஓயான்னு நெனைச்சது அப்ப ரொம்பத் தப்பில்ல. (எனக்கு நானே குடுத்துக்கிட்ட தீர்ப்பு. அப்பீல் கெடையாது.)

ஆனா ஒன்னு. அந்த க்வாய் படத்துல எங்க கித்துல்கல, கித்துல்கலையா நடிக்கல. சயாம்-பர்மா ரயில் பாதையா நடிச்சுச்சு. ரெண்டாம் உலக யுத்தத்துல ஜப்பான்காரன் கைதிங்கள வச்சுப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. படம் முழுக்க வெள்ளைக்காரக் கைதிங்கதான். அவங்க பட்ட பாடு நெசம். ஏறக்கொறைய 60,000 கைதிங்க, அதுல 12,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க.

படத்துல இல்லாத ஆளுங்க யாரு தெரியுமா?

மலாயா ரப்பர் தோட்டத்துலருந்து புடிச்சுட்டுப் போன தமிழாளுங்க. எங்கள மாதிரியே கங்காணி கூட்டிட்டுப் போன சனம், எங்களுக்கு அக்கரைப் பங்காளிங்க. ஆயிரக்கணக்குல கொண்டு போனாங்க, ஆயிரக்கணக்குல காலராவுலயும் பட்டினியிலயும் செத்தாங்க. அந்தப் பாதையில செத்த ஆசியக் கூலிங்களோட எண்ணிக்கை வெள்ளைக்காரக் கைதிங்களை விடப் பல மடங்கு.

தோட்டத் தமிழன் செத்த கதை. தோட்டத் தமிழன் பஸ்ல போற ரோட்டோரத்துல எடுத்தாங்க. தோட்டத் தமிழன் மட்டும் படத்துல இல்ல.

அன்னைக்கு அந்தக் கொங்கிரீட் மேல ஒக்காந்து அட்டைய உருவிக்கிட்டே யோசிச்சப்போதான், அம்மா ஏன் நடிகருக்குப் பின்னால பாக்குறாங்கன்னு எனக்குப் புடிபட்டுச்சு. எங்களுக்கான படம் அங்கதான் ஓடுது.

---

அதுக்கப்பறம் நானும் அந்த மாதிரிதான் படம் பாக்குறேன். மருமகன் ஃபோன்லருந்து டீவிக்கு இழுத்துவுடுவான். அம்மா, நான், அவன். மூணு பேரு கமிட்டி.

'எலிஃபண்ட் வாக்' பாத்தோம். 1954. எலிசபெத் டெய்லர், பீட்டர் ஃபிஞ்ச். இந்த வாட்டி சிலோன் சிலோனாவே நடிச்சிருக்கு, அதுக்கு ஒரு கும்புடு. தேயிலைத் தோட்டத்து தொரை சீமையிலருந்து பொண்டாட்டி கட்டிட்டு வர்றாரு. தொரையோட அப்பன் பங்களாவ யானைப் பாதைக்குக் குறுக்க கட்டி வச்சிருக்கான். கடைசியில யானைங்க வந்து பங்களாவ மிதிச்சு நொறுக்குது.

இதுல மொதல்ல நடிச்சது எலிசபெத் டெய்லர் இல்ல, விவியன் லீ. 53ல இங்க வந்து நடிச்சிட்டிருக்குறப்பவே அவங்களுக்கு மனசு ஒடம்பு ரெண்டும் சரியில்லாமப் போச்சு. பெறகுதான் ஆளை மாத்துனாங்க. இங்க எடுத்த சில தூரக்காட்சிகள அப்படியே விட்டுட்டாங்க. தள்ளி நிக்கிறது விவியன் லீ, கிட்டக்க வந்தா எலிசபெத் டெய்லர்!

இதை நான் ஆர்வமா வெளக்கிக்கிட்டிருக்கேன். எங்கம்மா கேக்கவே இல்ல. அவங்க கவலை வேற.

"இந்தக் கூடையில கொழுந்து இல்ல."

"எப்படிம்மா தெரியும்?"

"கழுத்தப் பாருடா."

நாப்பது வருசம் நெத்தியில கயிறு போட்டுக் கூடை சொமந்த மனுசி. கூடை நெறைஞ்சா கழுத்து முன்னால குனியும், நடை மாறும். வெறுங்கூடைன்னா தலை நிமிந்திருக்கும். அந்தக் கணக்கு எந்த டைரக்டருக்கும் தெரியாது. இப்ப பெரும்பாலும் சாக்குதான், கூடை டூரிஸ்ட் ஃபோட்டோவுக்குத்தான். ஆனா அம்மாவோட தராசு மாறல.

படத்துல காலரா வருது. தொழிலாளிங்க சாகுறாங்க. பங்களா அப்புஹாமிக்குப் பேரு இருக்கு, யானைக்குக் கூட ஒரு கோவம் இருக்கு. செத்த சனத்துல எங்க மனசுல நிக்கிற மாதிரி ஒரு பேரு இல்ல.

"அவுக வீட்டப் போயி பாக்கவே இல்லியே"ன்னாங்க அம்மா. அவ்ளோதான் விமர்சனம்.

அடுத்து 'இண்டியானா ஜோன்ஸ்' ரெண்டாம் பாகம். 1984, ஸ்பீல்பெர்க். இது சிரிப்புக் கதை. இந்தியாவுல எடுக்கத்தான் கேட்டாங்க. கதைய மாத்தச் சொன்னதால ஒத்துவரல. கண்டிக்கு வந்துட்டாங்க. கண்டிக்குப் பக்கத்துல ஹந்தானைத் தோட்டத்துல ஒரு இந்தியக் கிராமத்த செட்டுப் போட்டாங்க. அந்த ஊருப் பெரியவரா நடிச்சது நம்ம சிங்களப் பட நடிகர் டி.ஆர். நாணயக்கார.

'இந்தியக்' கிராமத்துச் சனம் பேசுற பாசை என்ன?

சிங்களம்!

தமிழ்ச் சனம் தேயிலை நட்ட மலையில, இந்தியான்னு போர்டு மாட்டி, சிங்களத்துல பேசவச்சு, அமெரிக்காக்காரன் வந்து காப்பாத்துறான். மருமகனுக்குச் சிரிச்சு சிரிச்சு ரொட்டி பொரையேறிருச்சு. மலைக்கு மட்டும் வாய் இருந்தா, "ஐயா, இந்தத் தடவ நான் எந்த ஊரு?"ன்னு கேட்டிருக்கும்.

மாசி, பங்குனியில எங்க தோட்டத்துல காமன் கூத்து போடுவாங்க. ரதி வேஷம் கட்டுற பையனுக்குக் கூட வேஷத்தக் கலைச்சப்பறம் அவனோட சொந்தப் பேரு திரும்பக் கெடைக்கும். மலைக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

---

'அப்ப நீங்களே எடுக்க வேண்டியதுதானே?'ன்னு கேப்பீங்க. கேளுங்க. எடுத்திருக்காங்க.

1963லயே 'தோட்டக்காரி'ன்னு ஒரு படம் வந்திருக்கு. இலங்கையில தமிழ்ப்படம் எடுக்கத் தொடங்குன காலத்துலயே தோட்டத்துக் கதை! அப்பறம் 1975ல 'புதிய காற்று'. வி.பி. கணேசன் எடுத்து நடிச்சது. தொழிற்சங்கக்காரர், அரசியல்வாதி மனோ கணேசனோட அப்பா. கதைவசனம் எழுதுனது நம்ம தெளிவத்தை ஜோசப். பதுளைப் பக்கத்து ஆளு, 'காலங்கள் சாவதில்லை' எழுதுன மனுசன். தொரையோட கதைய விட்டுட்டு லயத்தோட கதைய எடுத்தாங்க.

பெரியப்பா இதைத் தியேட்டர்ல பாத்திருக்காரு. சாகுற வரைக்கும் அதப்பத்தி ஒரே ஒரு வரிதான் சொல்லுவாரு: "ஸ்க்ரீன்ல நம்ம பெரட்டு கேட்டுச்சுடா." கத கேட்டா ஞாபகம் இல்ல. வேலைக்குக் கூப்புடுற பெரட்டுத் தப்புச் சத்தம் மட்டும் ஞாபகம் இருந்துச்சு.

நான் இந்தப் படத்தைத் தேடாத எடமில்ல. பழைய கசட் கடையில கேட்டேன். கொழும்புல ரெண்டு எடத்துல கேட்டேன். ஒரு ஆளு "இருக்கு"ன்னு ஆயிரம் ரூவா வாங்கிட்டு ஒரு டிஸ்க் குடுத்தாரு. ஆசையா வந்து போட்டா 'புதிய பாதை'. பார்த்திபன் படம். (நல்ல படந்தான். ஒக்காந்து பாத்துட்டேன். காசு குடுத்தாச்சே.)

83 ஜூலைக் கலவரத்துல ஹெந்தளையில விஜயா ஸ்டூடியோவ எரிச்சாங்க. ஃபிலிம் சுருள் எவ்வளவோ சாம்பலாப் போச்சு. எரிஞ்சது போக மிச்சம் இருந்ததயும் யாரு பத்திரமா வச்சா? பெரியப்பா தலைமுறை போச்சுன்னா அந்தப் படத்தப் பாத்த கண்ணும் போயிரும். பெரியப்பா போயிட்டாரு.

---

இப்ப 'பரதேசி'. 2013. பாலா.

இது எங்க ஊருக் கதை இல்ல. ஆனைமலைப் பக்கத்துத் தோட்டங்கள்ல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் 1969ல இங்கிலீசுல எழுதுன 'ரெட் டீ' நாவல், தமிழ்ல இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு'ன்னு கொண்டு வந்தாரு. அதத் தழுவி எடுத்த படம். ஆனா எங்க வீட்டுக் கமிட்டி அன்னைக்கு மாதிரி என்னைக்கும் அமைதியா இருந்ததில்ல.

கங்காணி ஊருக்கு வர்றான். நயமாப் பேசுறான். சனம் நடக்குது, நடக்குது, நடந்துகிட்டே இருக்கு. அம்மா எழுந்து போய் அடுப்புல இருந்த பானைய எறக்கி வச்சிட்டு வந்து ஒக்காந்தாங்க. எங்க கொள்ளுத் தாத்தாமார் மன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் நடந்து வந்த கதைய அவங்க கேட்டு வளந்தவங்க. (2023ல, 200 வருசம் ஆச்சுன்னு சொல்லி தலைமன்னார்லருந்து மாத்தளைக்கு நம்மாளுங்க மறுபடி நடந்தாங்களே, அதே பாதை.)

வருசக் கடைசியில கணக்குப் பாக்குற சீன் வருது. அரிசிக்கு இவ்ளோ, கம்பளிக்கு இவ்ளோ, வைத்தியத்துக்கு இவ்ளோ. கழிச்சுக் கழிச்சுப் பாத்தா கைக்கு ஒன்னும் இல்ல, இன்னொரு வருசம் வேலை செய்யி. நான் கணக்கு எழுதுறவன். எனக்கு வயித்தப் பெரட்டுச்சு. நாளைக்கு எவனாவது தோட்டக்காரனுக்கு மூட்டை நிறுக்குறப்போ ஒரு கிலோ கொறைச்சு எழுதிருவேனோன்னு பயம் வந்துச்சு.

அன்னைக்கு அம்மா கழுத்தைப் பாக்கல. கூடையப் பத்திப் பேசல. படம் முடிஞ்சதும் ஒன்னு மட்டும் கேட்டாங்க. "இத எடுத்தது யாரு?"

"பாலாம்மா."

"அவரு தோட்டத்தாளா?"

இல்லம்மா, ஆனா பாலு மகேந்திராகிட்ட தொழில் கத்துக்கிட்டவருன்னு சொல்ல வந்தப்போதான் எனக்குச் சுரீர்னுச்சு. கித்துல்கலயில மழையப் பாத்துட்டு ஒரு பையன் போனான். அவன் பெரிய ஆளாகி கேத்தியில மழை பெய்ய வச்சான். அவன்கிட்ட வேலை கத்துக்கிட்ட இன்னொருத்தன் தேயிலைக்குள்ள எறங்கி, நடிகருக்குப் பின்னால நின்ன சனத்தை முன்னால கொண்டு வந்து நிறுத்திட்டான். களனி கங்கையில வெடிச்ச பாலம் சுத்திச் சுத்தி எங்க வீட்டுக் காம்பராவுக்கு வந்து சேந்துருச்சு.

(இதுல எல்லாம் தொடர்பு இருக்கா, நானா முடிச்சுப் போடுறேனான்னு கேட்டா, நானாத்தான் போடுறேன். இது என் பதிவு.)

---

கடைசியா 'பாரடைஸ்'. பிரசன்ன விதானகே எடுத்தது, 2023ல பூசான் விழாவுல விருது வாங்குச்சு, அடுத்த வருசம் தியேட்டருக்கு வந்துச்சு. மணிரத்னம் கம்பெனி வழங்குன படம். ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரன்.

2022. பெற்றோல் இல்ல, கேஸ் இல்ல, கரண்டு இல்ல. அந்தச் சமயத்துல கேரளாவுலருந்து ஒரு புருசன் பொண்டாட்டி ராமாயணச் சுற்றுலா வர்றாங்க எங்க மலைக்கு. (சீதாஎலிய கோயில் எங்கருந்து எட்டிப் பாக்குற தூரந்தான். ராவணன் எங்கயெங்க சீதைய வச்சிருந்தான்னு காட்டுறதுக்கு இங்க கைடு உண்டு. எங்க பெரியம்மா எங்க போனாங்கன்னு காட்டத்தான் ஆளில்ல.)

அவங்க தங்குன பங்களாவுல களவு போகுது. பொலிஸ்காரன் மூணு தோட்டத் தமிழாளுங்களக் கொண்டு வந்து நிறுத்துறான். புருசன்காரன் இவனுங்கதான்ங்கிறான். பொண்டாட்டிக்குச் சந்தேகம். அதுக்கு மேல நான் சொல்லல, பாத்துக்கோங்க.

இதுல எங்க மலை எங்க மலையாவே நடிச்சிருக்கு. எங்காளு எங்காளாவே வந்து நிக்கிறான். ஆனா எப்படி நிக்கிறான்? சந்தேகக் கேஸுல வரிசையா.

மருமகன் கோவப்பட்டான். "நம்மள இப்படித்தான் காட்டுவாங்களா மாமா?"

எனக்குக் கோவம் வரல. 2022ல நான் மண்ணெண்ணெய் வரிசையில நின்னவன். ஒரம் கெடைக்காமத் தோட்டமெல்லாம் காஞ்சு, ஸ்டோர்ல ஏத்துறதுக்கு மூட்டை இல்லாமச் சும்மா ஒக்காந்திருந்தவன். எங்க போனாலும் மொதல்ல அடையாள அட்டையக் கேக்குற ஊருல வாழுறவன். அந்தப் படம் பொய் சொல்லல. டூரிஸ்ட் கண்ணுக்கு நாங்க எப்படித் தெரியுறோம்னு டூரிஸ்டுக்கே காட்டிருச்சு. எனக்குப் புடிச்சது அதுதான்.

அம்மா எப்பவும் போல ஒரே ஒரு வரி. "மூணு பேருக்கும் வீடு எங்கன்னு காட்டியிருக்கலாம்."

அந்தப் படத்தத்தான் இனிமே யாராவது எடுக்கணும்.

---

எழுதி முடிச்சிட்டேன்னு நெனைச்சேன். நேத்து மருமகன் ஓடி வந்தான். "மாமா, அந்தச் சென்னைக்காரரு வீடியோ போட்டுட்டாரு!"

தலைப்பு: இலங்கையில ஒரு ஊட்டி.

(பாத்தீங்களா.)

கமிட்டி கூடி ஒக்காந்துச்சு. அந்த மனுசன் கரட்டக் கடிக்கிறாரு. பனி, மலை, தேயிலை எல்லாத்தையும் பத்திப் பேசுறாரு. நல்லாத்தான் பேசுறாரு, சும்மா சொல்லக் கூடாது. மருமகனும் நானும் அவரைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்.

அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு டீவிக்குக் கிட்டக்கப் போனாங்க. நாப்பது வருசப் பழக்கம். அவரோட தோளுக்கு மேல, ஓரத்துல, கோவா மூட்டைக்குப் பக்கத்துல காதுல பேனா சொருகிக்கிட்டு மங்கலா ஒரு உருவம்.

வெரலை வச்சாங்க. "இது நீதானே?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க:

"வாயப் பொளந்துகிட்டு நிக்கிறியேடா. எதாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"